மனேஜர் இரத்தினவேலின் மூன்று குற்றங்கள்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இரத்தினவேலைத் தெரியாத தமிழர்கள் குறைவு. லோரன்ஸ் வீதியும் வார்டன் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு டோனட் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அதன் கண்ணாடி ஓரத்து மேசையில் நாலைந்து பேர் கோப்பியோடு குந்தியிருப்பார்கள். அவர்களுக்குள் மெலிந்து உயர்ந்து, கையால் காற்றை வெட்டி வெட்டிக் கதைக்கிறவர் யாரோ, அவர்தான் இரத்தினவேல். ஒரு பெயின்ற் களஞ்சியத்தில் சாமான் தூக்கி இறக்குகிற போர்க்லிப்ற் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கதைப்பது முழுக்கப் பனித்தள ஹொக்கி. ஆனால் விளையாடுகிறவர்களைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. அவர்களை வாங்கி, மாற்றி, வைத்திருக்கிற ஜெனரல் மனேஜரைப் பற்றித்தான் கதை.

"கோல் அடிச்சவனை ஆரும் பாப்பினம். அவனை ஆர் கொண்டந்தது, என்னத்தைக் குடுத்துக் கொண்டந்தது எண்டெல்லோ பாக்க வேணும்" என்பார்.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்ததே ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டதால். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அவரும் மனைவி பேபியும் ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மேலே வீட்டுக்காரர், ஸ்கொட்லாந்துக்காரர். சனிக்கிழமை பின்னேரமானால் மேலே அடிதடி நடப்பதுபோல ஒரே கூச்சல். புருசன் பெண்சாதிச் சண்டை என்று நினைத்த இரத்தினவேல், ஒருநாள் மனது பொறுக்காமல் விலக்குப் பிடிக்கப் படியேறிப் போனார். அங்கே வீட்டுக்காரர் தனியே இருந்தார். மனைவி இறந்து பல வருடமாம். அவர் ஏசிக்கொண்டிருந்தது தொலைக்காட்சிப் பெட்டியை. அதிலும் பனித்தளத்தில் ஓடுகிறவர்களை அல்ல. மேலே கண்ணாடி அறைக்குள் கோட்டும் ரையுமாக இருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை. அவர்தான் மனேஜர், எல்லாப் பிழைக்கும் அவர்தான் காரணம் என்று வீட்டுக்காரர் விளக்கினார். இரத்தினவேலுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தபோது அரிசி வராததிலிருந்து மண்ணெண்ணெய் முடிந்ததுவரை எல்லாவற்றுக்கும் ஊர் அவரைத்தான் ஏசியிருந்தது. இப்போது இன்னொரு மனேஜரை ஏசுகிற பக்கத்தில் நிற்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் அதை ஒரு சாத்திரமாகவே ஆக்கிவிட்டார். மனேஜரை மூன்று விசயத்தில் நிறுக்க வேண்டும். முதலாவது மாற்று: தன் ஆளைக் கொடுத்து மற்ற அணியின் ஆளை எடுக்கும்போது ஏமாந்தானா, ஏமாற்றினானா. இரண்டாவது ஒப்பந்தம்: யாருக்கு எத்தனை வருடம் வாக்குக் கொடுத்துத் தன் கையைத் தானே கட்டிக்கொண்டான். மூன்றாவது வளர்ப்பு: கண்ணுக்கு முன்னால் வளருகிற இளசை அடையாளம் கண்டானா. மூன்றிலும் பிழைவிட்டவன் வீட்டுக்குப் போக வேண்டும். கண்ணீர், கருணை, குடும்ப நிலைமை ஒன்றும் பார்க்கப்படாது.

டோனட் கடை மேசையில் இதற்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிற ஒரே ஆள் பாக்கியராசா. மட்டக்களப்பு ஆள், பாடசாலை பஸ் ஓட்டுகிறவர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல வராதவர். அந்த மனேஜரும் மனிதன்தானே, நாளைக்கு நடக்கப்போவது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

"தெரியாட்டி அந்தக் கதிரையிலை இருக்கப்படாது" என்று இரத்தினவேல் முடித்துவிடுவார்.

வீட்டில் மட்டும் அவர் யாரையும் விசாரிப்பதில்லை. அங்கே அந்த அதிகாரம் பேபியிடம் இருந்தது. பெயர்தான் பேபி. ஆள் நல்ல வாட்டசாட்டம், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பெரிய பெரிய சட்டிகளை ஒற்றைக் கையால் தூக்கி இறக்குகிறவர். ஹொக்கி என்றால் என்னவென்று அவர் கேட்டதில்லை. கேட்டால் விளக்கம் நீளும் என்று தெரியும்.

வெக்ஸ்போர்ட் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு பந்து ஹொக்கி அணி இருந்தது. பனித்தளமும் சறுக்குச் சப்பாத்தும் இல்லாமல், பாடசாலை மண்டபத்தில் சாதாரணச் சப்பாத்தோடு ஓடி, செம்மஞ்சள் பந்தை மட்டையால் அடிக்கிற விளையாட்டு. இங்கே வளர்ந்த பிள்ளைகள் கேட்டதற்காகத் தொடங்கியது. தமிழ்க் கழகங்கள் நாலுக்குள் சனிக்கிழமைகளில் போட்டி நடக்கும். வெக்ஸ்போர்ட் வழக்கமாக நாலாவதாக வரும். தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கழகத் தலைவர் தில்லையம்பலம் பிளாசாவில் பயண முகவர் நிலையம் வைத்திருந்த சாந்தமான மனிதர். டோனட் கடைக்கு வந்து, சுற்றிவளைக்காமல், இத்தனை வருடம் வெளியே நின்று சொன்னதை இனி உள்ளே வந்து செய்துகாட்டும்படி கேட்டார்.

மேசை முழுக்க இரத்தினவேலைப் பார்த்தது. மறுக்க வழியில்லை. மறுக்க மனமும் இல்லை.

முதல் போட்டிக்கே அவர் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு போனார். பொடியளுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. மண்டபத்தின் மேல்மாடி வாங்கில், மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு தனியே இருந்தார். கல்விச் சபையிலிருந்து யாரோ சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்த துப்புரவாளர், ஓடிப்போய் மண்டபத்தை இன்னொருமுறை கூட்டினார். வெக்ஸ்போர்ட் அன்றைக்குத் தோற்றது. இரத்தினவேல் கவலைப்படவில்லை. முதல் வருடம் கட்டியெழுப்புகிற வருடம் என்று பாக்கியராசாவிடம் சொன்னார். ரொறன்ரோ அணியின் மனேஜர் அதையே சொன்னபோது அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லையே என்று பாக்கியராசா மெல்ல ஞாபகப்படுத்தினார். அது வேறு இது வேறு என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் தன் முதலாவது மாற்றைச் செய்தார். வெக்ஸ்போர்ட்டில் வாகீசன் என்றொருவன் இருந்தான். சின்ன உருவம், நல்ல ஓட்டம், எதற்கும் பிந்தி வருகிற பழக்கம். ரெக்ஸ்டேல் அணியின் மனேஜர் அன்புராசா அங்கே வீடியோக் கடை வைத்திருந்தவர். சிரித்த முகம், அவசரப்படாத பேச்சு. ஒரு போட்டியன்று ரெக்ஸ்டேல் பொடியளோடு வந்து நின்ற ஒருவனை இரத்தினவேல் மேல்மாடியிலிருந்து கண்டார். ரஜிதன் என்று பெயர், வாசற் கதவுக்குக் குனிய வேண்டிய உயரம், தோள் இரண்டும் அலுமாரி மாதிரி. அன்றிரவு இரத்தினவேலுக்கு நித்திரை இல்லை.

அடுத்த கிழமை ரெக்ஸ்டேலுக்குப் போய், வீடியோக் கடைக்குள் இருந்து இரண்டு மனேஜர்மாரும் பேசினார்கள். வாகீசனைத் தருகிறேன், ரஜிதனைத் தாரும். அன்புராசா கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல மேலே பார்த்தார். பிறகு அண்ணை கேட்டபடியால் சம்மதிக்கிறேன் என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை இரத்தினவேல் தன் வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

தமிழ்க் கழகங்களுக்குள் அதுவரை ஒருவரும் ஆள் மாற்றியதில்லை. எந்தப் பகுதியில் இருக்கிறாயோ அந்தப் பகுதிக்கு விளையாடுவாய், அவ்வளவுதான். டோனட் கடைக்கு நேரெதிர்க் கட்டடத்தில் இருந்த வாகீசன் இப்போது நகரத்தின் மற்ற அந்தத்துக்குப் போக வேண்டி வந்தது. அவனுடைய தாய் பாலேஸ்வரி, மரக்கறிக் கடையில் பேபியைக் கண்டு கண் கலங்கிக் கேட்டார்.

"என்ரை பிள்ளை அப்பிடி என்ன பிழை செய்தவன் எண்டு அவனை ரெக்ஸ்டேலுக்குக் குடுத்தவர்?"

பேபி வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டார். மாற்று என்பது தனிப்பட்ட விரோதம் அல்ல, அணியின் நன்மை என்று இரத்தினவேல் நெடுநேரம் விளக்கினார். பேபி வெங்காயம் உரித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பாலேஸ்வரியிடம் இதைச் சொல்லத் தனக்கு வாய் வராது, இனி அந்தக் கடைக்கு நீங்களே போங்கோ என்றார்.

வெள்ளிக்கிழமை இரத்தினவேல் தன் புதுச் சொத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு ரெண்டு மணிக்கு மண்டபத்துக்கு வாரும்."

"சனிக்கிழமை எனக்கு வேலை அங்கிள்."

"அப்ப அடுத்த சனி."

"எல்லாச் சனியும் வேலை அங்கிள். செக்கியூரிட்டி."

இரத்தினவேல் கதிரையில் இருந்தார். "அப்ப ரெக்ஸ்டேலுக்கு என்னெண்டு விளையாடினனீர்?"

"நான் எங்கை அங்கிள் விளையாடினது? அண்டைக்கு லீவு, சும்மா பாக்க வந்தனான். அன்புராசா அண்ணைதான் பேரைப் பதிஞ்சு வைச்சிருந்தவர்."

ரஜிதனுக்கு மட்டை பிடிக்கவே தெரியாது என்பது பிறகு தெரியவந்தது. இரத்தினவேல் அதை டோனட் கடையில் சொல்லவில்லை. பெரிய ஆட்கள் இடத்துக்குப் பழகக் கொஞ்சம் காலம் எடுக்கும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது பிழை சந்தோசத்தில் நடந்தது. தை மாதத்தில் ஒருநாள் வெக்ஸ்போர்ட் அணி பிக்கரிங்கை வென்றது. கோலுக்கு முன்னால் நின்ற துஷாந்த் அன்றைக்கு எல்லாப் பந்தையும் மறித்தான். மறித்தான் என்பதைவிடப் பந்துகள் அவனைத் தேடிவந்து பட்டன என்பதுதான் சரி. இரண்டு தடவை அவன் விலகப் பார்த்தும் பட்டன. ஆனால் வென்ற மயக்கத்தில் இருந்த மனேஜருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. டோனட் கடையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, வருகிற மூன்று விளையாட்டுப் பருவத்துக்கும் துஷாந்த்தான் கோல் காப்பாளர் என்று அறிவித்தார். வீட்டிலிருந்து ஏற்றி இறக்குவது தன் பொறுப்பு. போட்டியன்று மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்.

பேபி இந்தச் செய்தியைப் பாக்கியராசாவின் மனைவி சொல்லித்தான் அறிந்தார். கோபம் வந்தது. ஆனால் சபையில் கொடுத்த வாக்கு, அதுவும் சாப்பாட்டு விசயம். இல்லையென்று சொல்லிப் பேரைக் கெடுக்க அவருக்கு விருப்பம் இல்லை. சனிக்கிழமைகளில் துஷாந்த் வந்து மேசையில் இருப்பான். ஆட்டிறைச்சிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, சொதி. கூச்சமில்லாத பிள்ளை, இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிடுவான். மாசி மாதமளவில் அவனுடைய கால்கவசத்தின் வார்கள் எட்டவில்லை. கோலை முன்னையைவிட நன்றாக அடைத்துக்கொண்டு நின்றான், ஆனால் குனிய முடியவில்லை. எதிரணிகள் நிலத்தோடு பந்தை உருட்டி விடப் பழகிக்கொண்டன. போதாததற்கு அவனிடம் ஒரு பேஜர் இருந்தது. புதிதாக ஒரு பெண்பிள்ளையின் சினேகிதமும் இருந்தது. இடுப்பில் பேஜர் அடித்தால், பந்து எங்கே வந்தாலும் துஷாந்த் முதலில் இடுப்பைத்தான் பார்ப்பான்.

அவனை ஒரு போட்டிக்காவது வெளியே இருத்தி வைக்கச் சொல்லிப் பொடியள் கேட்டார்கள். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான், வாக்கு மாறினால் நாளைக்கு எந்த விளையாட்டுக்காரன் நம்மை நம்பி வருவான் என்று இரத்தினவேல் கேட்டார். வேறு எந்த விளையாட்டுக்காரனும் வருகிற அறிகுறி இருக்கவில்லை.

மூன்றாவது பிழை அவருக்கு ஒரு பிழையாகவே தெரியவில்லை. துஷாந்துக்கு ஒரு தங்கை, கோபிகா. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பருவம் தொடங்கும்போதே அவள் இரத்தினவேலிடம் வந்து, தானும் அணிக்கு வரலாமா என்று கேட்டாள். தமிழ்க் கழகங்களின் விதியில் ஆண்பிள்ளைகள் மட்டும் என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று ஒருவரும் நினைக்காததால் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

"பாப்பம் பிள்ளை" என்றார் இரத்தினவேல்.

மார்கழியில் திரும்பக் கேட்டாள். பாப்பம் என்றார். மாசியில் கேட்டபோது, "I'm a goalie, uncle. ஒருக்கா வந்து பாருங்கோ, அதுக்குப் பிறகு வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள். அதற்கும் பாப்பம்தான். அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்கள் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் சிறு வயதிலிருந்தே துஷாந்தும் கூட்டாளிகளும் பந்தடித்துப் பழகியபோது, கோலுக்குள் நிற்க ஒருவரும் விரும்பாததால் கோபிகாவைத்தான் நிறுத்துவார்கள். வருடக்கணக்காக அத்தனை பேரின் அடியையும் சீமெந்துச் சுவருக்கு முன்னால் நின்று மறித்து வளர்ந்தவள் அவள். மேல்மாடி வாங்கிலிருந்து பார்த்தால் நிலக்கீழ்த் தரிப்பிடம் தெரியாது.

வாகீசனுக்கு இது தெரியும். அவனும் அங்கே அடித்துப் பழகியவன். தனியாக ரெக்ஸ்டேலுக்குப் போய்வந்து அலுத்துப்போயிருந்த அவன், அன்புராசாவிடம் ஒரு சொல் சொன்னான். அன்புராசா பாப்பம் என்று சொல்லவில்லை. மறுநாளே வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து, தரிப்பிடத்தில் ஒரு தூணோடு நின்று பத்து நிமிடம் பார்த்தார். அதற்குப் பிறகு வாகீசனும் கோபிகாவும் சேர்ந்து ரெக்ஸ்டேலுக்குப் போனார்கள்.

பங்குனி மாதத்துக் கடைசிப் போட்டி வெக்ஸ்போர்ட்டுக்கும் ரெக்ஸ்டேலுக்கும் நடந்தது. அன்றைக்கு வாகீசன் நேரத்துக்கு வந்திருந்தான். விசில் ஊதிக் கொஞ்ச நேரத்திலேயே துஷாந்தின் கால்களுக்கு நடுவால் முதலாவது பந்து போனது. பிறகு இடப்பக்கத்தால், பிறகு வலப்பக்கத்தால். ஒரு கோல் பேஜர் அடித்தபோது போனது. மற்றக் கரையில் கோபிகா தன் அண்ணனின் பழைய கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்று, வந்த பந்தையெல்லாம் சாமான் எடுத்து அடுக்குவதுபோல மறித்தாள். வாகீசன் நாலாவது கோல் அடித்தபோது, மேல்மாடியில் இருந்த இரத்தினவேல் தன்னை மறந்து தொடையில் தட்டினார்.

"இதெல்லோ மாத்து. இவனைக் கொண்டந்தவன் மனேஜர்" என்று உரக்கச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த பாக்கியராசா தன் சப்பாத்தைப் பார்த்தார். வாகீசனைக் கொடுத்தது யார் என்ற நினைவு இரத்தினவேலுக்கு அப்போதுதான் வந்தது. தட்டிய கை தொடையிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து ரையைக் கழற்றாமலே சோபாவில் இருந்தார். தொலைக்காட்சியில் ஹொக்கி போனது. ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கண்ணாடி அறைக்குள் இருந்த மனிதரைக் காட்டியபோது முகத்தைத் திருப்பினார். பேபி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். தோத்தது பெரிய விசயமில்லை, ஒருத்தரும் உங்களை ஒன்றும் சொல்லமாட்டினம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இரத்தினவேலை உறுத்தியது அதுதான். ரொறன்ரோவில் ஒரு மனேஜர் இப்படித் தோற்றால் பத்திரிகை கிழிக்கும், வானொலி கிழிக்கும், டோனட் கடைகள் கிழிக்கும். தன்னை ஒருவரும் கிழிக்கப்போவதில்லை என்றால், தன்னை ஒருவரும் மனேஜராக நினைக்கவேயில்லை என்றுதானே அர்த்தம்.

சித்திரையில் கழகத்தின் பொதுக்கூட்டம், ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்தது. பின்வரிசை மேசையில் பேபியும் இன்னும் சிலரும் பொரித்த ரோல்ஸும் தேத்தண்ணியும் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பந்து ஹொக்கி அணியின் அலுவல் வந்ததும் தில்லையம்பலம் தொண்டையைச் செருமினார். இந்த வருடம் சில இடர்ப்பாடுகள் இருந்தன, இரத்தினவேல் அண்ணை தன்னலம் பாராமல் உழைத்தார், அவருக்கு நன்றி, அடுத்த அலுவலுக்குப் போவோம் என்றார். பாக்கியராசா எழும்பினார். இத்தனை வருடமும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எதிர்த்தவர், இன்றைக்குத் தன் சினேகிதனைக் காப்பாற்றியே தீருவதென்று வந்திருந்தார். நல்ல மனிதர், ஒருவருக்கும் தீங்கு நினையாதவர் என்று தொடங்கி, கடைசியில் இப்படி முடித்தார்:

"அண்ணனுக்கு விளையாட்டைப் பத்திப் பெரிசா ஒண்டும் தெரியாதுதானே. தன்னால ஏலுமானதைச் செய்தவர், பாவம்."

கூட்டம் ஓம் ஓம் என்று தலையாட்டியது. எல்லா முகத்திலும் ஒரு இரக்கம். இரத்தினவேல் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"பாவமோ? ஒரு மனேஜரைப் பற்றிக் கதைக்கிற கதையோ உது? இருங்கோ. நான் சொல்லுறன்."

அதற்குப் பிறகு அவர் கதைத்ததைப்போல ஒரு பேச்சை அந்தக் கழகம் கேட்டதில்லை. மாற்றிலிருந்து தொடங்கினார். கையில் இருந்த ஓட்டக்காரனைக் கொடுத்து, சனிக்கிழமை வேலைக்குப் போகிற ஒருவனை இந்த மனேஜர் எடுத்தார். எடுக்க முதல், உனக்கு விளையாடத் தெரியுமா என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. உயரத்தைப் பார்த்தார், வாங்கினார். தென்னம்பிள்ளை வாங்குகிறவன்கூட இதைவிடக் கவனமாக விசாரிப்பான். ஒப்பந்தத்துக்கு வந்தபோது குரல் ஏறியது. ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்து மூன்று பருவ வாக்கு. அந்த வாக்குக்காகச் சமைத்தது யார்? மனேஜரா? பின்வரிசையில் பேபி ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த மனேஜர் தன் கோல் காப்பாளரைத் தன் வீட்டிலேயே வைத்து, தன் மனைவியின் கையால், ஓடமுடியாதவனாக ஆக்கினார். துஷாந்த் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். துஷாந்தின் வாயில் அப்போதும் ஒரு ரோல்ஸ் இருந்தது.

வளர்ப்புக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

"அந்தப் பிள்ளை மூண்டுதரம் என்னட்டை வந்து கேட்டது. வந்து பாருங்கோ, பிறகு வேண்டாமெண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டது. நான் பாக்கேல்லை. மாத்திலை ஏமாறலாம், வாக்கிலை அவசரப்படலாம். பாக்காமல் விட்டதுக்கு என்ன சாட்டு இருக்கு?"

கதவோரமாக, அண்ணனைக் கூட்டிப்போக வந்து நின்ற கோபிகா தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று விசயத்திலும் பிழைவிட்ட மனேஜர் வீட்டுக்குப் போக வேண்டும், இதை நான் பிரேரிக்கிறேன் என்று சொல்லி இரத்தினவேல் திரும்பக் கதிரையில் இருந்தார். தில்லையம்பலம் வேறு வழியில்லாமல் கையுயர்த்தச் சொன்னார். முதலாவதாக உயர்ந்தது இரத்தினவேலின் கை. அவர் விளக்கியது அவ்வளவு தெளிவாக இருந்தபடியால் எல்லாரும் உயர்த்தினார்கள். பாக்கியராசா மட்டும் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். பின்வரிசையில் பேபியும் மாவு ஒட்டிய கையை உயர்த்தினார். ஏன் உயர்த்தினாய் என்று போகும்போது இரத்தினவேல் கேட்டதற்கு, சனிக்கிழமைச் சமையல் நிற்குமல்லவா என்றார். கொஞ்சம் பொறுத்து, நீங்கள் கதைத்தது நல்லாயிருந்தது என்றும் சொன்னார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவருடைய பேச்சுக்குப் பேபி கொடுத்த முதலாவது பாராட்டு அது. மறுநாள் பாலேஸ்வரியின் வீட்டுக்குப் போய், இரத்தினவேல் தானாகவே மன்னிப்புக் கேட்டார். பாலேஸ்வரி கோப்பி கொடுத்தார். வாகீசனுக்கு இப்போது ரெக்ஸ்டேல் நன்றாகப் பிடித்துவிட்டது, திருப்பி எடுத்துவிடாதேங்கோ என்றார்.

வெக்ஸ்போர்ட்டுக்கு வேறு மனேஜர் பிடிப்பது சிரமமாக இருந்தது. இரத்தினவேல் இருக்கிற ஊரில் அந்தக் கதிரையில் இருக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பாக்கியராசாவின் தலையில் அது விழுந்தது.

அந்தக் கோடையில் அன்புராசா தொலைபேசி எடுத்தார். வழக்கமான சிரிப்புக் குரலில் இல்லை.

"அண்ணை, எங்கட பொதுக்கூட்டம் வருது. நீங்கள் வந்து என்னைப் பற்றி ஒருக்காக் கதைக்க வேணும்."

"என்ன கதைக்க?"

"உங்களைக் கதைச்ச மாதிரித்தான். எனக்குக் கடையும் பாக்கேலாமல் கிடக்கு, மனிசியும் கோவிச்சுக்கொண்டு திரியுது. விடுங்கோ எண்டால் விடுகினம் இல்லை. வெண்டுபோட்டனாம்."

இரத்தினவேல் உடனே சம்மதிக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்வது தன் வழக்கம் அல்ல என்றார். இரண்டு மூன்று கிழமை ரெக்ஸ்டேல் பக்கம் போய்வந்து, பொடியளோடு கதைத்து, அன்புராசாவின் பருவத்தை அலசினார். முதலில் ஒரு பிழையும் அகப்படவில்லை. அது அவரை வருத்தியது. பிறகு களஞ்சியத்தில் பெயின்ற் வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது விடை வந்தது.

பேபியும் வருகிறேன் என்றார். ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தின் பொது அறையில் கூட்டம். இரத்தினவேலை வாசலுக்கு வந்து வரவேற்று முன்வரிசையில் இருத்தினார்கள். வெக்ஸ்போர்ட் பேச்சின் புகழ் அங்கேயும் எட்டியிருந்தது. அவர் எழுந்து, மனேஜர் அன்புராசாவின் பருவத்தை மூன்று தலைப்பில் எடுத்தார். மாற்று: வாகீசனைப் பெற்றது அன்புராசாவின் கெட்டித்தனம் அல்ல, வெக்ஸ்போர்ட்டில் இருந்த ஒரு மடையனின் மடத்தனம். அந்த மடையனைப் பதவியிலிருந்து எடுத்தாயிற்று. வருடா வருடம் அப்படி ஒருவன் கிடைப்பானா? ஒப்பந்தம்: யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, ஆகவே காப்பாற்றினார் என்ற பெருமைக்கும் இடமில்லை. வளர்ப்பு: கோபிகாவை வளர்த்தது வெக்ஸ்போர்ட்டின் ஒரு வாகனத் தரிப்பிடம். அன்புராசா செய்தது தூணோடு நின்று பார்த்தது மட்டும். ஆக, இந்த மனேஜர் ஒரு பருவம் முழுக்க ஒன்றுமே செய்யவில்லை. நீக்குவதுதான் நியாயம்.

அன்புராசா முகம் மலர்ந்து கைதட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார். ரெக்ஸ்டேல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களுடைய செயலாளர் அருள்மலர், ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியையாக இருந்தவர், எழுந்து நிதானமாகச் சொன்னார்.

"ஒண்டும் செய்யாமலே வெல்லுறார் எண்டு ஐயாவே ஒப்புக்கொள்ளுறார். இப்பிடி ஒரு மனேஜரை நாங்கள் ஏன் விடுவான்?"

மண்டபம் அதிரக் கைதட்டல். அன்புராசாவை இன்னும் இரண்டு வருடத்துக்குத் தெரிவுசெய்தார்கள். மாலை ஒன்றும் கொண்டுவந்து போட்டார்கள். இரத்தினவேலுக்கு ஒரு பொன்னாடை; பேபிக்கு ஒரு பெரிய சாப்பாட்டுப் பார்சல்.

திரும்பும்போது அன்புராசாதான் அவர்களைக் காரில் கொண்டுவந்தார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பின்னேர நெரிசல், கார் ஊர்ந்தது. மாலையைக் கழற்றவும் மனமில்லாமல் கழுத்தோடேயே விட்டுவிட்டு ஓட்டினார். எங்கே பிழைத்தது என்று இரத்தினவேல் தனக்குள் தன் வாதத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வாதத்தில் பிழை இல்லை. கேட்டவர்களுக்குத்தான் வெல்லுகிற ஆசை கூடிப்போய்விட்டது. பின்சீற்றில் பேபி பார்சலைப் பிரித்து, வடை ஒன்றை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். இன்னொன்றை அன்புராசாவிடம் நீட்டினார்.

"அண்ணை, அடுத்த வருசமும் ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோவன்" என்றார் அன்புராசா, வடையை வாயில் வைத்துக்கொண்டு.

"நீர் முதலிலை தோத்துக் காட்டும். வெண்டு வெண்டு வந்து நிண்டால் நான் எதைக் கதைக்கிறது?"

அன்புராசா அடுத்த பருவத்தில் தோற்க உண்மையாகவே முயன்றார். பயிற்சிக்குப் போகவில்லை, போட்டிகளுக்குப் பிந்திப் போனார், ஒருநாள் போகவே இல்லை. கோலுக்குள் கோபிகா நின்றபடியால் ஒன்றும் பலிக்கவில்லை.